கால் எட்டவில்லை என்றார்கள்

என் உயரம் நாலடி பத்து அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் என்னைப் புதிதாகப் பார்த்தாலும் அவர்கள் கண் முதலில் அளப்பது அதைத்தான். பள்ளியில் எனக்கு ‘அரை டிக்கெட்’ என்று பெயர். கல்லூரியில் ‘பாக்கெட்’. இப்போது வேலை பார்க்கும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் மேல் அடுக்கில் இருக்கும் பெட்டியை நான் நிமிர்ந்து பார்த்தால் போதும், யாராவது ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போவார்கள். ஸ்டூல் போட்டதற்கு நன்றி, சரி. சிரிப்பு எதற்கு?

என் தம்பி மட்டும் இந்த விஷயத்தில் என்னைப் பார்த்துச் சிரித்ததே கிடையாது. என்னைவிட நாலு வயது சின்னவன். ஆறடிக்கு ஒரு விரற்கடைதான் குறைவு. அப்பாவின் உயரத்தை எனக்கு மிச்சம் வைக்காமல் மொத்தமாகச் சுருட்டிக்கொண்டு பிறந்தவன். என்னை அரை டிக்கெட் என்று கூப்பிட்ட ஒருத்தனின் சட்டையைக் கிழித்துவிட்டு வந்து, அதற்காக அம்மாவிடம் விளக்குமாற்றால் அடி வாங்கியிருக்கிறான். அப்பா போன பிறகு பாரிவாக்கத்து வீட்டில் அம்மா, நான், அவன் என்று மூன்றே பேர். அதனால் பைக் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது முதலில் அவனிடம்தான் சொன்னேன்.

ஸ்கூட்டர் இல்லை, பைக். கியர் போட்டு ஓட்டுகிற பைக். எதற்கு என்று கேட்காத ஆளில்லை. திருவேற்காடு, அயனம்பாக்கம் வழியாக எஸ்டேட் போகிற ரோட்டில் இருக்கும் பள்ளத்துக்கு ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் தாங்காது என்று சொல்லிப் பார்த்தேன். ஷேர் ஆட்டோவில் நாலு பேர் முழங்கைக்கு நடுவில் என் மூக்கு மாட்டிக்கொள்கிறது என்றும் சொன்னேன். எல்லாம் மற்றவர்களுக்காகச் சொன்ன காரணம். உண்மையான காரணம், எனக்கு ஆசை. ஒரு ஆசைக்கு இத்தனை சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்! தம்பி மட்டும்தான் எதற்கு என்று கேட்கவில்லை. “முதல்ல ஓட்டக் கத்துக்கோ, அப்பால வாங்கலாம்” என்றான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயலை மேடாக்கி பிளாட் போட்டிருந்தார்கள். வீடு ஒன்றும் வரவில்லை. கல் நட்டு, கலர் கொடி கட்டி, ரோடு மட்டும் ஜம்மென்று போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் பாடம். தம்பியின் பைக் அவனைப் போலவே உயரம். நான் ஏறி உட்கார்ந்தால் ஒரு பக்கம் கட்டைவிரல் தரையைத் தொடும், மறு பக்கம் கால் காற்றில் ஆடும். அவன் பின்னால் பிடித்துக்கொண்டு, “கிளட்ச்ச மெதுவா வுடுக்கா, மெதுவா, ஐயோ பறக்காத!” என்று கத்திக்கொண்டே வருவான்.

இரண்டு மாதத்தில் ஓட்டத் தெரிந்துவிட்டது. நிறுத்தத்தான் தெரியவில்லை. நிறுத்தினால் கால் ஊன வேண்டுமே, ஊனுவதற்குத் தரை எங்கே? அதனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே, “பிடிடா, பிடிடா!” என்று கூவுவேன். அவன் எங்கிருந்தாலும் ஓடி வந்து வண்டியைத் தாங்கிப் பிடிப்பான். ஒரு தரம் செருப்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் என்று விழுந்தும் வண்டியை விடவில்லை. சிரித்துச் சிரித்து எங்கள் இருவருக்கும் வயிறு வலித்தது. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று அப்போதெல்லாம் நான் கம்பெனியில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம்.

லைசென்ஸ் எடுக்கப் போன அன்று ஒரு கூத்து நடந்தது. அங்கே எட்டு போட்டுக் காட்ட வேண்டும். எட்டு போடும்போது கால் ஊனினால் ஃபெயில். என் கால் எட்டவே எட்டாது, பிறகு எங்கே ஊனுவது? எனக்கு முன்னால் போன நெடிய பையன்கள் எல்லாம் பயத்தில் காலை ஊனி ஊனித் தோற்றார்கள். நான் முதல் தரத்திலேயே போட்டுவிட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் குட்டைக் கால் எனக்கு உதவி செய்தது. ஆனால் முடித்ததும் நிறுத்த வேண்டுமே. பழக்க தோஷத்தில் “பிடிடா!” என்று கூவிவிட்டேன். தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து வண்டியைப் பிடித்தான். பரீட்சை வைத்த அதிகாரி பேனாவை இறக்கிவிட்டு, “இன்னாம்மா, சைடு ஸ்டாண்ட கையோட கூட்டிக்கினு வந்துட்டியா?” என்றார். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். தம்பியும் பல்லைக் காட்டினான். அவனுடைய நண்பர்கள் இரண்டு பேரும் அங்கே லைசென்ஸுக்கு வந்திருந்தார்கள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வண்டி தேடும் படலம். செல்போனில் பார்த்துப் பார்த்து ஒரு வண்டியைப் பிடித்து வைத்திருந்தேன். சீட் நன்றாகத் தாழ்ந்து, ஹேண்டில் மாட்டுக் கொம்பு மாதிரி விரிந்து, டேங்க் குண்டாக இருக்கும். குட்டையானவர்கள் இதை வாங்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். படத்தைத் தம்பியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். “நல்லாகீதுக்கா. ஆவடியில எனக்குத் தெரிஞ்ச ஷோரூம் ஒண்ணு கீது. நான் பேசி வெக்கிறேன், சனிக்கிழம போலாம்” என்றான்.

சனிக்கிழமை போனோம். டை கட்டிய சேல்ஸ்மேன் ஒருவன், தம்பியின் வயதுதான் இருக்கும், வாசலிலேயே வந்து வரவேற்றான். நான் கேட்ட வண்டியைப் பற்றி, “அது இப்ப வர்றதில்லக்கா, கம்பெனியே நிறுத்திட்டாங்க” என்றான். பிறகு வேறு வண்டிகளைக் காட்டினான். ஒவ்வொன்றிலும் ஏறினேன். ஒவ்வொன்றிலும் கால் அந்தரத்தில் நின்றது. ஒரு வண்டியில் நான் சரியப்போய் சேல்ஸ்மேனும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கினார்கள். கடைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் வேடிக்கை பார்த்தது. அதில் ஒரு சின்னப் பெண் அம்மா சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். “கால் எட்டலக்கா” என்றான் சேல்ஸ்மேன். ரொம்ப வருத்தமாகச் சொன்னான். “நம்ம ஹைட்டுக்கு எந்த பைக்குமே எட்டாது. ஸ்கூட்டர் பாக்கலாமா?”

எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. வெளியே வந்து பக்கத்துக் கடை ஓரம் நின்று மூக்கைச் சிந்தினேன். தம்பி ஒரு லெமன் ஜூஸை வாங்கி என் கையில் திணித்தான். “வுடுக்கா. வண்டிதான் உனக்கு சரியில்ல. நீ சரியாத்தான் கீற” என்றான். அந்த வார்த்தைக்குத்தான் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே ஸ்கூட்டர் பதிவு செய்தோம். அது வந்த நாளில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அம்மா கேசரி கிளறினாள். “உனுக்கு இதாண்டி அம்சமா கீது” என்று கன்னத்தை வழித்தாள். நான் அந்த வண்டி வருகிறதா இல்லையா என்று செல்போனில் மறுபடி பார்க்கவே இல்லை. பார்க்க வெட்கமாக இருந்தது.

இரண்டாவது ஃப்ரீ சர்வீஸுக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அதே ஷோரூமுக்குப் போனேன், தனியாக. அங்கே ஒரு வண்டிக்கு மாலை போட்டு சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த சீட்டு, கொம்பு ஹேண்டில், குண்டு டேங்க். பக்கத்தில் நின்றவர் வழுக்கைத் தலையும் தொப்பையுமாக, என்னைவிட ஒரு விரற்கடை குட்டையாக இருந்தார். முகம் கொள்ளாத சிரிப்போடு அதில் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி போட்டோவுக்கு நிமிர்ந்தார். நான் கிட்டே போய், “சார், கால் நல்லா எட்டுதா?” என்று கேட்டேன். “சும்மா தரையிலயே உக்காந்த மாதிரி கீதுமா” என்றார்.

சேல்ஸ்மேனைப் பிடித்தேன். “இது வர்றதில்லன்னு சொன்ன?” என்றேன். என்னை அடையாளம் தெரிந்ததும் அவன் முகம் வெளுத்தது. முதலில் ஸ்டாக் இப்போதுதான் வந்தது என்று மழுப்பினான். நான் கத்த ஆரம்பித்ததும் ஓரமாகக் கூப்பிட்டான். “அக்கா, என்னைத் திட்டாதீங்க. அன்னிக்குக் கூட ரெண்டு வண்டி உள்ள நின்னுச்சு. உங்க தம்பிதான் முந்தின நாளு வந்து, அதக் காட்டாதீங்க, உயரமான வண்டியா ஏத்திக் காட்டுங்கன்னாரு. அவங்க நெட்டுல பாத்தா தெரிஞ்சிடுமேன்னு நான் கேட்டேன். ‘அதெல்லாம் பாக்காது. கால் எட்டலன்னு சொல்லிடுங்க, எங்க அக்கா நம்பிடும்’னாரு.”

அடப்பாவி! கூட இருந்தே குழி பறித்திருக்கிறான். தலையில் மிளகாய் அரைத்துவிட்டு ஜூஸும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஆவடியிலிருந்து வீடு வருகிற வழியெல்லாம் நான் அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டு வந்தேன். வண்டியை மறைத்தானே, அதைக்கூட மன்னித்துத் தொலைக்கலாம். நம்பிடும் என்று சொன்னானே. என்னை எங்கே தட்டினால் உடைவேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊரில் வேறு யாருக்கும் அது அவ்வளவு துல்லியமாகத் தெரியாது, ஏனென்றால் வேறு யாரையும் நான் அவ்வளவு கிட்டே விடவில்லை.

சாயங்காலம் அவன் வாசலில் தன் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் பைப்பை நிறுத்தினேன். “கால் எட்டலன்னு சொல்லச் சொன்னியாமே?” என்றேன்.

அவன் துணியைப் பிழிந்தான். “அம்மா பயந்துச்சுக்கா” என்றான்.

“அம்மா மேல பழி போடாத.”

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். “நாந்தாண்டி வேணாம்னேன். நீ எங்கனா வுழுந்து கெடந்தா நான் இன்னா பண்ணுவேன்? அவன் எல்லாம் உன் நல்லதுக்குத்தான் பண்ணான்” என்றாள். ஆக அவளுக்கும் தெரியும். கேசரி கிளறும்போதும் தெரியும். கன்னத்தை வழிக்கும்போதும் தெரியும்.

“அம்மா பயந்துச்சு. நீ இன்னாத்துக்குடா பயந்த?” என்று அவனைக் கேட்டேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஈரத் துணியை வாளியில் வீசினான். “எல்லாரும் என்ன சைடு ஸ்டாண்டுன்றாங்க, தெரியுமா உனுக்கு? லைசென்ஸ் எடுத்த அன்னிலேர்ந்து. டீக்கடையில சைடு ஸ்டாண்டு, கிரவுண்டுல சைடு ஸ்டாண்டு. நீ பைக் வாங்கிக்கினு ரோட்டுல வந்தா ஒவ்வொரு சிக்னல்லயும் என்னத்தான் கூப்புடுவானுங்க. நீ ஒரே நாளு சிரிச்சுட்டு போய்ட்ட. எனுக்குத் தெனம்.”

“அவனுங்க சட்டயக் கிழிக்க வேண்டியதுதான? அன்னிக்கு எனக்காகக் கிழிச்சியே?”

“அப்ப உன்னத்தான சொன்னான்” என்றான்.

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டுப் போனான். நான் உள்ளே போய்விட்டேன். என்னைச் சொன்னவரைக்கும் அவனால் தாங்க முடிந்திருக்கிறது. அவன்மேல் பட்டதும் முடியவில்லை. என்னிடம் நேராக வந்து, ‘அக்கா, எனக்கு அவமானமா கீது’ என்று சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், கடைசியில் அவனுக்காக விட்டும் கொடுத்திருப்பேன். கேட்கவில்லையே. என்னைக் கேட்பதற்குப் பதிலாக என் காலைக் குற்றவாளி ஆக்கிவிட்டான்.

அதற்குப் பிறகு அவனோடு நான் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்து, “அக்கா, வா, நாளைக்கே போய் அந்த வண்டியப் பாக்கலாம், நானே கூட வர்றேன்” என்றான். நீ கூட வந்த லட்சணத்தைத்தான் பார்த்தேனே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கை கழுவப் போனேன். அம்மா, கூடப் பிறந்தவனிடம் இத்தனை ரோஷம் ஆகாது என்றாள். ரோஷமாவது ஒன்றாவது. உள்ளே எதுவோ அறுந்து போயிருந்தது.

போன வாரம் ஷிஃப்ட் முடிந்ததும் அம்பத்தூரில் வேறு ஒரு ஷோரூமுக்குத் தனியாகப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அங்கே ஒரு பெண் வந்து அந்த வண்டியை எடுத்துக் காட்டினாள். நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, “உக்காருங்க மேடம்” என்றாள். உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் இருந்தன. நுனி மட்டும் இல்லை, குதிகாலும். குனிந்து இடது பக்கம் பார்த்தேன், செருப்பு முழுசாகப் பதிந்திருந்தது. வலது பக்கம் பார்த்தேன், அதுவும். அவள் பிடியை விட்டாள். வண்டி சாயவில்லை. நான் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை.

“எட்டுதா?” என்று அவளைக் கேட்டேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “உங்க காலுதான மேடம்” என்றாள். “உங்களுக்குத் தெரியலயா?”