ராணி இன்னும் தேறவில்லை

எனக்குப் பாம்பு பிடிக்காது. ஆனால் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் என் கணவர் ஒரு மலைப்பாம்பு வளர்க்கிறார். பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சாதி. பெயர் ராணி. போன வருடம் முட்டையிட்டு நன்றாக மெலிந்துவிட்டது.

அந்த ஞாயிறு காலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ராணியைத் தராசில் வைத்தார்.

"எடை வந்திட்டுது. இந்த முறையும் ஆணோடை விடலாம்."

எட்டித் தடவிப் பார்த்தேன். முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது. வயிற்றில் மட்டும் ஒரு புடைப்பு.

"முந்தநாள் விழுங்கின எலியையும் சேர்த்தெல்லோ நிறுத்திருக்கிறியள்? அவள் இன்னும் தேறேல்லையப்பா."

சொல்லும்போது ஏனோ அழுகை வந்துவிட்டது. அவர் என்னையே பார்த்தார். பிறகு ராணியைத் தனியாகவே பெட்டியில் விட்டார்.

மாலையில் மாமி அவருக்குப் போன் எடுத்து, "அடுத்த பிள்ளை எப்ப?" என்று வழக்கம்போலக் கேட்டார். எப்போதும் "பாப்பம்" என்று சிரித்து மழுப்புகிற என் கணவர், "இப்ப இல்லையம்மா. அவள் முதல்லை தேறட்டும்" என்றார்.

யாரோ என் முதுகையும் தடவிப் பார்த்தது போலிருந்தது. சோபாவிலேயே தூங்கிப்போனேன்.