ஞானராஜின் காலில் ஒட்டியிருந்த நூல்

1. நூல்

ஷீட் ஒட்டிய புண்ணில் பஞ்சு நூல் இருக்க வழியில்லை. ஞானராஜின் புண்ணில் இருந்தது. ஃபோர்செப்ஸ் நுனியில் எடுத்து ட்யூப் லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஒரு துண்டு நூல். அது புண்ணுக்குக் கட்டுப் போடும் காஸ் துணியின் நூல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இராஜபாளையம் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் நூல் மில்லுக்கோ பேண்டேஜ் யூனிட்டுக்கோ போகிறவர்தான்.

நான் வார்டு நர்ஸாக இருந்து, பிற்பாடு கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் ஆனவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, இராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. இந்த வேலைக்கு வந்த புதிதில் என் சொந்தக்காரர்கள், எலிக்கு ஊசி போடுகிறாயா என்று கேட்டார்கள். எலியெல்லாம் கிடையாது. ஒரு வியாதிக்கு இரண்டு வைத்தியம் இருந்தால், எது மேல் என்று நேர்மையாகப் பார்ப்பதற்கு ஆட்களைச் சேர்ப்பது, அவர்களுக்கு விஷயத்தைப் புரியவைத்துச் சம்மதம் வாங்குவது, வாராவாரம் வரவைத்து நடந்ததை நடந்தபடி பதிவது, இவ்வளவுதான். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். எனக்கு இதைவிடச் சுவாரசியமான வேலை வாய்த்ததில்லை.

அப்போது நடந்துகொண்டிருந்தது கால் புண் ட்ரையல். மில்லில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்களுக்கு நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேலே புண் வந்து, வருஷக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். எல்லோருக்கும் மேலே இறுக்கமான எலாஸ்டிக் கட்டு உண்டு. அதற்குள்ளே என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. ஒரு குரூப்புக்குக் காஸ் துணி, தினமும் வீட்டில் மாற்ற வேண்டும். இன்னொரு குரூப்புக்கு ரப்பர் போல ஒட்டிக்கொள்ளும் ஷீட், வாரத்துக்கு ஒருமுறை நாங்கள்தான் திறப்போம். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். புண்ணை அளக்கிற டாக்டருக்கு யார் எந்த குரூப் என்று தெரியக் கூடாது. அதனால் நான் கட்டைப் பிரித்துக் கழுவி வைத்த பிறகுதான் அவர் உள்ளே வந்து, கண்ணாடித் தாளைப் புண்மேல் வைத்து ஓரத்தை வரைவார்.

ஞானராஜ் ஒரு நூல் மில்லில் ரிங் ஃப்ரேம் என்கிற நூற்பு மெஷின் பார்க்கிறவர். புண் ஆறாமல் ஃப்ரேம் முன்னால் நிற்கக் கூடாது என்று மில்லில் சொல்லிவிட்டதால் வீட்டோடு இருந்தார். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்து அவர் மனைவி எஸ்தர் பேசிவிடுவார். எஸ்தர் பேண்டேஜ் யூனிட்டில் ரோல் சுற்றுகிறவர். குலுக்கலில் இவருக்கு விழுந்தது ஷீட்.

நூலைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. ஒரு வாரம் ஒட்டியிருந்த ஷீட்டைப் பிரித்தால் அடியில் மஞ்சளாகக் கூழ் தேங்கி வழுக்கும். இவருடைய ஷீட் அன்றைக்குக் காலையில் ஒட்டியது போலக் காய்ந்திருந்தது. புண்ணின் மேல் மெல்லிய கட்டம் கட்டமாகத் துணித் தடம். அவசரத்துக்கென்று நாங்கள் கொடுத்தனுப்பும் உபரி ஷீட் முதல் வாரம் நனைந்துவிட்டது என்று செலவாகியிருந்தது, அடுத்த வாரம் வழுக்கிவிட்டது என்று செலவாகியிருந்தது. போதாததற்கு அந்த எலாஸ்டிக் கட்டு நான் போட்டதைவிட அழகாக இருந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் என் கட்டை ஒருவர் மிஞ்சுவதா என்று அதையும் சேர்த்து வயிறெரிந்தேன்.

“எஸ்தர், வீட்டுல தொறந்தியாம்மா?”

“நான் எதுக்கு சிஸ்டர் தொறக்கேன்?” என்றார் எஸ்தர். ஞானராஜ் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. என் அம்மா இருந்தவரை, அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று தெரியாமல் உனக்குத் தூக்கம் வராதே என்று திட்டுவார். அந்தக் குணத்துக்குத்தான் பிற்காலத்தில் சம்பளம் கொடுத்தார்கள்.

2. வீட்டுக்குப் போனேன்

வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்று சம்மதம் வாங்கும்போதே சொல்லியிருந்தோம். ஒரு சாயங்காலம் டவுன் பஸ் பிடித்துப் போனேன். அந்தத் தெருவில் தறிச் சத்தம் ஓயவில்லை. பேசுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் உரக்கவே பேசினார்கள்.

கதவு திறந்துதான் இருந்தது. எஸ்தர் ஷிஃப்ட் முடிந்து வந்து, கை கழுவி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோடு கட்டில் அருகே உட்கார்ந்திருந்தார். கட்டு பிரிந்து கிடந்தது. புண்ணில் ஒட்டிக் காய்ந்த காஸைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து மெதுவாக உரித்துக்கொண்டிருந்தார். அவர் குனிந்திருந்ததால் கணவன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஞானராஜ் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

என்னைக் கண்டதும் எஸ்தர் எழுந்துவிட்டார். நாற்காலி எடுத்துப் போட்டார், காபி வைக்கப் போனார், திரும்பி வந்தார். அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை.

“மஞ்சளா ஊறி, ஓரத்துல வடிஞ்சு, வாடை வந்துச்சு சிஸ்டர். அது சீழ் இல்லன்னு நீங்க சொன்னீக. நானும் சரின்னுதான் வந்தேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரல. எங்க அப்பாவுக்கு இப்பிடித்தான் ஒரு எடத்துல கட்டுப் போட்டு, தொறக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனாவ. சொன்ன பேச்சக் கேட்டு நாங்களும் தொறக்கல. தொறந்தப்போ கால எடுக்கணும்னுட்டாவ.”

எஸ்தர் ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

“ஊருக்கெல்லாம் கட்டுத் துணி சுத்தி அனுப்புதேன். எங்க வீட்டு ஆளு கால நான் தெனமும் கண்ணால பாக்கக் கூடாதா?”

ஷீட் எப்படி வேலை செய்கிறது, ஈரம் ஏன் நல்லது என்றெல்லாம் ஒப்பிக்க என் வாயில் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டேன். அவர் பயந்தது காலுக்கு. நான் கவலைப்பட்டது ஷீட்டுக்கு.

கிளம்பும்போது எஸ்தர் வாசல் வரை வந்து, இதைப் பதிவு செய்வீர்களா, செய்தால் எங்களை அனுப்பிவிடுவார்களா என்று கேட்டார். வாராவாரம் டாக்டர் பார்ப்பது நின்றுபோகுமே என்பதுதான் அவர் மறைத்ததற்குக் காரணம். பதிவு செய்யாமல் இருக்க முடியாது, நடந்ததை நடந்தபடி எழுதத்தான் நான் இருக்கிறேன், ஆனால் வைத்தியத்தை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. முன்பு ஒருமுறை நம்பித்தானே அப்பாவின் கால் போனது.

3. கால் யாருடையது

மறுநாள் எங்கள் சர்ஜனிடம் சொன்னேன். ட்ரையலுக்கு இங்கே பொறுப்பு அவர்தான், புண்ணை அளக்கிற டாக்டர் வேறு ஆள். முதலில் “ஐயையோ, புரோட்டோகால் டீவியேஷன்” என்று தலையில் கை வைத்தார். ட்ரையலுக்கு எழுதி வைத்த விதிமுறையை மீறினால் அதற்கு அதுதான் பெயர். பிறகு இருவரையும் வரச்சொல்லி உட்காரவைத்துப் பேசினார். ஷீட் வேண்டாம் என்றால் காஸுக்கு மாறிக்கொள்ளலாம், எப்படியானாலும் வாராவாரம் வரலாம், யாரும் துரத்த மாட்டோம் என்றார். எஸ்தர் ஒன்று கேட்டார், டாக்டர் ஒன்று சொன்னார், நடுவே நான் ஒன்று சொன்னேன். மூவரும் நன்றாகவே வாதாடினோம். சட்டென்று டாக்டர் நிறுத்தி, “காலுக்குச் சொந்தக்காரர் என்ன சொல்கிறார்?” என்று கேட்டார்.

அவ்வளவு நாளில் ஞானராஜிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அவர் முதலில் எஸ்தரைப் பார்த்தார்.

“தெனமும் துணிய உரிக்கையில உசுரு போயிட்டு வருது டாக்டர். ஷீட்டு இருந்த மொத ரெண்டு நாளு வலியே இல்ல. எந்திரிச்சு நின்னு பாத்தேன், நிக்க முடிஞ்சுது.”

எஸ்தர் திடுக்கிட்டுத் திரும்பினார். “எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீகளா?”

“ஒங்க அப்பா கால நெனச்சுல்ல நீ தொறக்க. அதுல நான் என்னத்தச் சொல்ல?”

எஸ்தர் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வீட்டில் வராத அழுகை அங்கே வந்தது. டாக்டர் ஜன்னல் பக்கம் போய், மரத்தில் ஏதோ குருவி இருப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் இப்படி முடிவானது. ஷீட் இருக்கட்டும். டாக்டர் தேவை என்று நினைத்தால் இடையில் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கப் புரோட்டோகாலிலேயே இடம் இருந்தது. வார நடுவே எஸ்தரின் கண் முன்னால் நானே திறப்பேன்.

முதல்முறை திறந்தபோது மஞ்சள் கூழ் வழிந்தது. எஸ்தர் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். சலைன் விட்டுக் கழுவினேன். அடியில் சிவப்பாகச் சதை வளர்ந்து நின்றது. “மாதுளம்பழத்த ஒடச்ச மாதிரி இருக்கு” என்றார். பிறகு நான் சுற்றிய எலாஸ்டிக் கட்டைப் பார்த்து, “தளந்து கெடக்கு, தாங்க சிஸ்டர்” என்று வாங்கித் தானே சுற்றினார். கொடுத்துவிட்டேன், வேறென்ன செய்ய.

அதன்பின் கண்ணாடித் தாளில் அளக்கிற டாக்டர் வரைந்த வட்டம் வாரத்துக்கு வாரம் சுருங்கியது.

4. இட்லியா தோசையா

என் ஆர்வம் அதோடு அடங்கவில்லை. ஷீட் குரூப்பில் இருந்த மற்றவர்களிடமும், தப்பில்லை சொல்லுங்கள், திறந்தீர்களா என்று கேட்டுக்கொண்டே போனேன். பேண்டேஜ் யூனிட் இருக்கிற தெருக்காரர்கள் பலர் சிரித்து மழுப்பிவிட்டுப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். வெள்ளையாக, உலர்ந்து, தினமும் புதிதாக இருப்பதுதான் அவர்களுக்குக் கட்டு. வாழ்நாளெல்லாம் அதைத்தானே செய்து அனுப்புகிறார்கள். கூமாப்பட்டியிலிருந்து வத்திராயிருப்பு வழியாக பஸ் மாறி வருகிற மாந்தோப்புக்காரர் ஒருவர் மட்டும் நான் கேட்டதையே வினோதமாகப் பார்த்தார். “மாங்கன்னுல ஒட்டுக் கட்டிட்டு, ஒட்டிருச்சான்னு தெனமும் பிரிச்சுப் பாத்தா வெளங்குமா?” என்றார்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டு, ட்ரையலின் புள்ளிவிவரம் பார்க்கும் அம்மையாருக்குப் போன் செய்தேன். சென்னையில் இருப்பவர், என்னைவிட வயதில் சிறியவர். திறந்து காஸ் வைத்தவர்களைக் காஸ் குரூப்புக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். குலுக்கலில் எங்கே விழுந்தார்களோ அங்கேதான் கணக்கு.

“இட்லி தின்றவரைத் தோசைக் கணக்கில் எழுதச் சொல்கிறீர்களே” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு நிதானமாக விளக்கினார். யார் சொன்னபடி நடந்தார்கள், யார் நடக்கவில்லை என்று பார்த்து நாமாக ஆளைப் பிரித்தால், பயந்தவர், வலி பொறுக்காதவர், புண் மோசமானவர் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். குலுக்கிப் போட்டதற்கே அர்த்தம் போய்விடும். அதோடு, நாளைக்கு ஒரு டாக்டர் இந்த ஷீட்டை எழுதிக் கொடுக்கும்போது அது மனிதர்கள் வீட்டுக்குத்தான் போகப்போகிறது. ஷீட் ஆற்றுமா என்பது மட்டும் நம் கேள்வியில்லை. ஷீட்டைக் கொடுத்தனுப்பினால் என்ன நடக்கும் என்பதும் கேள்விதான். அவர்கள் திறந்தார்கள் என்பதும் பதிலில் சேர்த்தி.

போனை வைத்துவிட்டு வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் ட்ரையலைக் கெடுத்துவிட்டார் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

5. கடைசி விசிட்

புண் முழுதும் மூடிய அன்று ஞானராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து காட்டினார். மறு வாரம் மில்லுக்கு வரச்சொல்லிவிட்டார்கள். எலாஸ்டிக் கட்டை மட்டும் விடக் கூடாது என்று சொன்னேன். அது என் பாடு என்றார் எஸ்தர். கிளம்புகிற நேரத்தில் நின்று கேட்டார்.

“மூணு வாரம் நான் துணி வச்சேன். பொறவு நீங்க ஷீட்டு வச்சீக. எதுல சிஸ்டர் ஆறுச்சு?”

“தெரியலம்மா.”

“நெசமாவா? டாக்டருக்கு?”

“அவருக்கும் தெரியாது. எல்லாருடைய கணக்கும் சேந்து வந்தாத்தான் ஏதாவது சொல்ல முடியும். இவரு ஒருத்தர் கால வச்சு யாராலயும் சொல்ல முடியாது.”

பொய் சொல்லாததற்கு நன்றி என்பது போல என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க அப்பாவுக்குக் கட்டுப் போட்டவுக இப்பிடித் தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நாங்க மறுநாளே தொறந்து பாத்திருப்போம்” என்றார்.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எப்போதாவது யோசனை கேட்கிறார்கள். சம்மதப் படிவத்தில் நாம் என்ன செய்யப்போகிறோம் என்பது பக்கம் பக்கமாக இருக்கிறது. அதைப் படித்துச் சொல்லத் தொடங்கும் முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேளுங்கள் என்பேன். உங்கள் வீட்டில் இதற்கு முன் இப்படி யாருக்காவது வைத்தியம் பார்த்து ஏதாவது ஆகியிருக்கிறதா? இதை முதல் நாளே கேட்டிருந்தால் எஸ்தர் அப்பாவின் கதையை அன்றே சொல்லியிருப்பார். ஞானராஜ் மூன்று வாரம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டார்.