மகாஓயாத் தண்ணீரும் சரீபாவின் தோளும்

கல்முனையில் சரீபாவின் இடியப்பத்தைக் குறை சொன்ன வாய் கிடையாது. சரீபாவின் வாய்க்குத் தப்பிய ஆளும் கிடையாது. அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கை கமீலா. கடைக்குட்டி என்று உம்மா அவளுக்குக் கல்வீட்டைக் கொடுத்தாள். மூத்தவளுக்குக் கிடைத்தது தென்னங்கிடுகு வேய்ந்த வீடு. அதைக்கூட சரீபா பொறுத்துக்கொண்டாள். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் நடந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கூரை பறந்ததும், புருசனைப் பறிகொடுத்திருந்த சரீபா இரண்டு பெண்பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடித் தங்கையின் கதவைத் தட்டினாள். கை வலிக்கத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. அந்த வாசலில் வைத்தே பறந்து வந்த மரச்சட்டம் ஒன்று அவள் வலத்தோளை உடைத்தது. காற்றின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று மறுநாள் கமீலா அழுதாள்.

"காது கேக்காதவளுக்குக் கல்வீடு என்னத்துக்கு?" என்று காறித் துப்பினாள் சரீபா. அதோடு பேச்சு முறிந்தது.

எலும்பு பொருந்தியது; கை மேலே எழவில்லை. இடியப்ப உரலை அழுத்த இரண்டு கையும் வேண்டும். பிள்ளைகளின் சோறு அந்த உரலில்தான் இருந்தது. நாட்டு வைத்தியர் பரிசாரியின் எண்ணெய்க்கு மசியாத தோள் மகாஓயா வெந்நீர்க் கிணறுகளுக்கு மசியும் என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் சேர்ந்து வேன் பிடித்தபோது சரீபாவும் ஏறினாள். உள்ளே கமீலா இருந்தாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிய சரீபா, போய்ச் சேரும்வரை இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

அங்கே ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். சரீபா இடக்கையால் தூக்கிய வாளி தோளுக்கு எட்டாமல் காலில் கொட்டிச் சுட்டது. கேட்டால் ஊற்ற ஆளிருந்தது. கேட்கத்தான் வீம்பு விடவில்லை. கமீலா வந்து வாளியைப் பிடுங்கினாள். முதலில் தன் கையில் ஊற்றிச் சூடு பார்த்தாள், பிறகு மூத்தவளான ராத்தாவின் தோளில் ஊற்றினாள். ஊற்ற ஊற்றத் தோள் இளகி, கை காதுவரை எழுந்தது.

அப்போது பார்த்துத்தானா அந்த மடைச்சி வாயைத் திறக்க வேண்டும்?

"ராத்தா, அண்டைக்கு நீங்க தட்டினது கேட்டதுதான். தொறந்தா எங்கட கூரையும் போயிரும் எண்டு பயந்துட்டன்."

கேட்டும் திறக்கவில்லை என்றுதான் சரீபாவும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஆனாலும் மனதின் ஒரு மூலையில், தங்கைக்குக் கேட்டிருக்காது என்றே அவள் நம்பியிருந்தாள். அந்த வாளியை வாங்கி அவள் தலையிலேயே கவிழ்க்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. உரலும் நினைவுக்கு வந்தது.

"ஊத்து. கதைக்காத."

அதன்பிறகு தோள் இறுகும்போதெல்லாம் இருவரும் மகாஓயா போனார்கள். தங்கை ஊற்றினாள், ராத்தா வாய் திறக்கவில்லை. எண்பத்தைந்தில் கலவரம் வந்து அந்தப் பயணம் நின்றது. தோள் மறுபடி இறுகியது.

ஒருநாள் காலை சரீபாவின் கதவை யாரோ தட்டினார்கள்.

"ராத்தா, சுடுதண்ணி கொண்டு வந்திருக்கன்."

கதவுக்கு இந்தப் பக்கம்தான் சரீபா நின்றாள். திறக்கப் போன மகளைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். தட்டட்டும். கமீலா தட்டினாள், கூப்பிட்டாள், வாளியைக் கை மாற்றிக்கொண்டு மறுபடி தட்டினாள். கடைசியில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதன்பிறகே சரீபா தாழ்ப்பாளை நீக்கி, வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஆறிப் போச்சு. போய்த் திரும்பக் கொதிக்க வெச்சிட்டு வா."

கமீலா வாளியோடு திரும்பிப் போனாள். சரீபா கதவைச் சாத்தவில்லை.