பெரிட் நன்றி சொல்ல மறுத்த வாரம்

எங்கள் கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். கீழ்த்தளத்தில் ஒரே ஒரு சலவை அறை. ஸ்வீடனின் யேவ்லே நகரில் இப்படி ஒரு கட்டடத்தில் குடியிருந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு எதுவும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: இங்கே விவாகரத்துகூட அமைதியாக நடந்து முடியும், சலவை அறையில்தான் மனிதர்களின் நிஜ முகம் தெரியும்.

2011 முதல் அந்த அறையை ஆண்டது மூன்றாம் மாடி பெரிட் ஹெட்லுண்ட் எழுதிய புரோகிராம். வாசலில் ஒரு பழைய கணினி இருக்கும். வீட்டு எண்ணையும் ரகசிய எண்ணையும் தட்டி, வேண்டிய மூன்று மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். நேரம் வந்தால் கதவு உங்களுக்குத் திறக்கும், முடிந்து கால் மணியில் பூட்டிக்கொள்ளும். உள்ளே உங்களுடைய ஒரே நல்ல சட்டை தொங்கினாலும் பூட்டிக்கொள்ளும்.

ஒருமுறை அப்படித் தொங்கிய சட்டை எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் லென்னார்ட்டுடையது. மகள் கல்யாணத்துக்கு அவர் ஸ்வெட்டரில் போனார். அன்றிலிருந்து அவருக்கும் அந்தப் புரோகிராமுக்கும் ஆகாது. இந்தக் கட்டடத்தில் நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் நீ என்றுதான் பேசுவோம். தலைவராயிற்றே என்று எழுத்தில் மட்டும் அவருக்கு ஒரு மரியாதை கொடுக்கிறேன். பெரிட்டுக்கு அது வேண்டாம், அவள் என் தோழி.

நான் குனில்லா, சங்கத்தின் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவதும் அறிவிப்பு ஒட்டுவதும் என் வேலை. பல் மருத்துவமனை வரவேற்பில் பகல் முழுக்க முணுமுணுப்பைக் கேட்டுவிட்டு வந்து, மாலையில் இங்கேயும் அதையே கேட்பேன்.

பெரிட் ஒரு மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளியின் மகள். பத்தொன்பது வயதில் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் தொழிற்சாலையில் கம்பி பற்றவைக்கச் சேர்ந்தாள். கணினி வந்தபோது ஆண்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இவளை அனுப்பவில்லை. அவர்கள் மேஜையில் விட்டுப்போன கையேட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் போகவர நாற்பது நிமிடம், ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தாள். வசந்தம் வந்தபோது பயிற்சிக்குப் போய்வந்தவர்கள் இவளிடம் சந்தேகம் கேட்டார்கள். 2001-இல், அவளுடைய அறுபதாவது வயதில், அவள் வேலை செய்த பிரிவை மூடினார்கள். ஒரு கேக், ஒரு கண்ணாடிக் கிண்ணம், மேலாளரின் ஐந்து நிமிடப் பேச்சு.

"என்னைத் தூக்கி வெளியில போடுறாங்க குனில்லா, நான் எழுந்து நின்னு நன்றிங்கிறேன்! அந்த நன்றி இன்னும் தொண்டையிலயே நிக்குது" என்று ஒருமுறை என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தில் அவள் துணிக் கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறாள்.

2015 கிறிஸ்துமஸ் முடிந்த திங்கட்கிழமை காலை, சலவை அறைக் கணினி கறுத்துக் கிடந்தது. மூலையில் ஒரே வரி: ‘புரோகிராம் நின்றுவிட்டது.’ நான் இறங்கிப் போவதற்குள் லென்னார்ட் இரும்புச் சாவியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மனிதர் முகத்தில் ஏழு வருடத்தில் நான் பார்க்காத ஒரு களை.

"பூட்டை எடுத்து விட்டுட்டேன். யாருக்கு எப்ப வேணுமோ துவைச்சுக்கட்டும்" என்றார். "புதன்கிழமை ஆறு மணிக்குக் கூடுதல் கூட்டம். ஃபோன்லயே நேரம் பிடிக்கிற ஆப் வந்தாச்சு, கம்பெனிக்காரங்க தயாரா இருக்காங்க. அறிவிப்பு போட்டுடு குனில்லா."

பெரிட் அவருக்குப் பின்னால் வந்து நின்றதை அவர் பார்க்கவில்லை.

"ஆறு மணிக்குள்ள ஓடிச்சுன்னா?" என்றாள்.

லென்னார்ட் திரும்பினார். "பெரிட், உன் வயசுல நீ எதுக்கு இந்தப் பாடு பட..."

"வயசைக் கேக்கல லென்னார்ட். ஓடிச்சுன்னா?"

"ஓடினாப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓடாது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் போனார்.

அவள் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து சலவை அறை வாசலில் போட்டாள். நான் ஒரு ஃபிளாஸ்க் காபியும் குங்குமப்பூ ரொட்டியும் கொண்டுபோனேன். முதலில் புரோகிராமை அடியிலிருந்து மறுபடி கம்பைல் செய்தாள். ஒரு குறையும் சொல்லாமல் கம்பைல் ஆனது. ஓட்டினாள். கண் இமைக்கும் நேரத்தில் நின்றது.

"கம்பைல் ஆயிடுச்சே, அப்புறம் என்ன கேடு அதுக்கு?" என்றேன்.

"கம்பைல் ஆறதுன்னா, எழுதி வச்ச சமையல் குறிப்பு அதுக்குப் புரியுதுன்னு அர்த்தம். அவ்வளவுதான். அடுப்புல வச்சா வேகுமான்னு அது சொல்லாது" என்றாள்.

முதல் சந்தேகம் லென்னார்ட் மேல். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் வைக்கும் அட்வென்ட் விளக்கை மாட்டுவதற்காக அவர் கணினியின் ப்ளக்கைப் பிடுங்கியதை நாங்கள் இருவருமே பார்த்திருந்தோம். அவராகவே இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்பினேன். பெரிட் மேலே போய்த் தன் மடிக்கணினியில் அதே புரோகிராமை ஓட்டிப் பார்த்தாள். அங்கேயும் அதே இடத்தில், அதே மாதிரி செத்தது.

"லென்னார்ட் இல்ல. பழைய மெஷினும் இல்ல. தப்பு எழுத்துலதான் இருக்கு. எழுதினவ நான்" என்றாள்.

அதைச் சொல்ல ஒரு திமிர் வேண்டும். பழி போட ஆள் தயாராக இருக்கும்போது வேண்டாம் என்று தள்ளிவிடும் திமிர்.

செவ்வாய்க்கிழமை புரோகிராமின் வழி நெடுக வரிகளைச் செருகினாள். ‘ஒன்றுக்கு வந்தேன்’, ‘இரண்டுக்கு வந்தேன்’ என்று அது போகிற போக்கில் திரையில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நான்கு வரை சொன்னது. ஐந்து வரவே இல்லை.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல என்ன பண்ணுது?" என்றேன்.

"இந்த வாரத்துத் தாளை எடுக்கப் போகுது. ஒவ்வொரு வாரத்துக்கும் கணினிக்குள்ள ஒரு தாள். அம்பத்திரண்டையும் திறந்து பார்த்துட்டேன், ஒண்ணுகூடக் கெடல."

இதற்குள் அறை சந்தையாகிவிட்டது. பூட்டு போன இரண்டே நாளில் யாருடைய ஈரத் துணியையோ யாரோ மேஜையில் அள்ளிப் போட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு சீட்டு: ‘இது யாருடையது? வெட்கமாக இல்லையா?’ அதன் கீழே இன்னொரு கையெழுத்தில்: ‘எனக்கு இல்லை. உனக்கு?’ லென்னார்ட்டின் போர்வை போன்ற பெரிய துவாலைகள் மட்டும் காலை, பகல், மாலை மூன்று வேளையும் கொடியில் தொங்கின.

அந்தத் துவாலைகளுக்குக் கீழேதான் பெரிட் உட்கார்ந்திருந்தாள். கடந்துபோகிறவர்கள் குனிந்து, "பாவம், விட்டுடேன் பெரிட்" என்றார்கள். "பாவம்னு சொல்றவங்க எல்லாம் நேரத்தை எழுதி வச்சிட்டுப் போங்க, புதன் ராத்திரி ஏத்திக்கிறேன்" என்று ஒரு தாளை நீட்டினாள். பயந்துகொண்டு நான்கைந்து பேர் எழுதிவிட்டும் போனார்கள்.

இப்போது என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். கூட்ட அறிவிப்பை வெளிவாசலில் திங்கட்கிழமையே ஒட்டிவிட்டேன். சலவை அறைக் கதவிலும் ஒட்ட வேண்டும் என்பது சங்க விதி. அந்தக் கதவு முன்னால் பெரிட் உட்கார்ந்திருந்தாள். அவளை வெளியேற்றும் தாளை அவள் முகத்துக்கு நேரே ஒட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. வெளிவாசல் பக்கம் போகாமல் அவளோ மூன்று நாளாக மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். புதன் மதியம் மூன்று மணிக்கு லென்னார்ட்டிடமிருந்து செய்தி வந்தது: ‘சலவை அறைக் கதவில் இன்னும் ஒட்டவில்லை. விதி என்றால் விதி.’

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போனேன். அவசரத்தில் டேப் விரலில் சுற்றிக்கொண்டது.

"குடு இங்க" என்று தாளை வாங்கினாள். என் தண்டனை தீர்ந்ததென்று நினைத்தேன். அவள் உரக்கப் படித்தாள். "கூடுதல் கூட்டம். வாரம் 53, புதன், 18.00. பொருள்: சலவை அறைப் புரோகிராமை அகற்றுதல்."

நிறுத்தினாள். திரும்பவும் முதல் வரிக்குப் போனாள். பிறகு அந்தத் துவாலைகள் ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"அம்பத்திமூணு! கழுதை! நான்தான் கழுதை!"

எங்கள் வாழ்க்கையே வருடத்தின் வாரங்களுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டு, அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு ஒன்பதாவது வாரம் பனிச்சறுக்கு விடுமுறை. லென்னார்ட் இருபத்தெட்டிலிருந்து முப்பத்தொன்று வரை கோடை வீட்டில் இருப்பார், நாங்கள் நிம்மதியாக இருப்போம். வேறு நாட்டுக்காரி எழுதியிருந்தால் தேதியைப் போட்டிருப்பாள். பெரிட் எங்கள் ஊர்க்காரி, அதனால் வாரத்துக்கு ஒரு தாள், வருடத்துக்கு ஐம்பத்திரண்டு தாள் என்று போட்டுவிட்டாள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் கூடுதலாக வரும். கடைசியாக வந்தது 2009-இல், அவள் புரோகிராம் எழுதுவதற்கு முன்பு. இல்லாத தாளைத் தேடிப் போய்த்தான் அது மூன்று நாளாக விழுந்து விழுந்து செத்திருக்கிறது. திங்கட்கிழமையே எனக்குத் துணிச்சல் வந்திருந்தால் திங்கட்கிழமையே ஓடியிருக்கும். இதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டவில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு எண்ணை மாற்றினாள். ஒரு வெற்றுத் தாளைச் சேர்த்தாள். கம்பைல் செய்தாள், வழக்கம்போல் ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. திரை வெளிச்சமாகி வீட்டு எண்ணைக் கேட்டது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். எழுதி வைத்தவர்களின் நேரங்களை ஏற்றிவிட்டு, தவறு என்ன, யாருடையது என்று நான்கு வரி எழுதி அவளே கதவில் ஒட்டினாள்.

ஆறு மணிக்குச் சங்க அறையில் நாங்கள் ஐந்து நிர்வாகிகள். மேஜை நடுவில் பச்சை நிறத்தில் ஒரு பிரின்சஸ் கேக். அதன்மேல் வெள்ளை எழுத்தில் ‘நன்றி பெரிட்’. லென்னார்ட் அதைத் திங்கட்கிழமையே கடையில் சொல்லி வைத்தாராம்.

"ஓடுது" என்றாள் பெரிட்.

"சந்தோஷம். ஆனா தப்பு யாரோடது?" என்றார் லென்னார்ட்.

"என்னோடது. கதவுலயே எழுதி ஒட்டியிருக்கேன், வர்ற வழியில படிச்சிருப்பியே."

"நாளைக்கு இன்னொண்ணு நின்னா?"

"தேடுவேன்."

"உனக்கு எழுபத்திநாலு வயசு."

"ஆமா. கம்பைலர் இதுவரைக்கும் அதுக்கு ஆட்சேபம் சொல்லல."

யாரோ சிரித்தார்கள். லென்னார்ட்டின் கழுத்து சிவந்தது. "உன்னை யாரும் துரத்தல பெரிட். இவ்வளவு நாள் உழைச்சதுக்கு நன்றி சொல்லி, கௌரவமா..."

"2001-லயும் இதே பேச்சுதான். இதே கேக்கும்கூட" என்றாள். குரல் உயரவே இல்லை. ஒரு தாள் கட்டை மேஜையில் வைத்தாள். "முழு புரோகிராமும் இதுல இருக்கு. எந்தப் பகுதி என்ன செய்யும்னு பக்கத்துலயே எழுதியிருக்கேன். நாளைக்கு நான் செத்தாலும் யார் வேணாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். உன் ஆப்போட புரோகிராமை அவங்க உனக்குக் காட்டுவாங்களா? கேட்டுப் பாரு. தலைவருக்குச் சலுகைன்னு ஒரு வரி இதுல எங்கயாவது இருக்கான்னும் தேடிப் பாரு, கிடைக்காது. அடுத்த அம்பத்திமூணாவது வாரம் 2020-ல வருது. எனக்கு எழுபத்தொம்பது இருக்கும். வா, சேர்ந்து கதவைத் திறப்போம்."

வாக்கெடுப்பில் என் கைதான் முதலில் எழுந்தது. நான்குக்கு ஒன்று. புரோகிராம் இருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதினேன், அழுத்தியதில் பேனா தாளைக் கிழித்தது.

பெரிட் கேக் கத்தியை எடுத்தாள். ‘நன்றி’க்கும் அவள் பெயருக்கும் நடுவில் நேராக ஒரு கோடு இழுத்து வெட்டினாள். நன்றி இருந்த பாதியைத் தட்டில் வைத்து லென்னார்ட் முன்னால் தள்ளினாள்.

"இது உன்னோடது. ஒரு தடவை வாங்கிட்டேன், போதும்."

தன் பெயர் இருந்த பாதியை எங்கள் நால்வருக்கும் தனக்கும் ஐந்து துண்டாகப் போட்டாள். எனக்கு முதல் எழுத்து கிடைத்தது. சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஏழு மணிக்கு அவளுக்குச் சலவை நேரம் இருந்தது.