எஸ்தர் அக்கா பழக்கடைக்குப் போன கதை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சுரண்டையில் நடக்கவிருந்த ஒரு காதுகுத்துக்கு பேனர் தயாரித்துக்கொண்டிருந்தேன். குற்றாலத்திலிருந்து முப்பிடாதி போன் செய்தாள். எஸ்தர் அக்காவின் பழக்கடைக்குப் பக்கத்துக் கடைக்காரி அவள். "எக்கா, எஸ்தரக்கா போயிட்டாவ. கடை திறக்க வந்தாவ, நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்தாவ, அவ்வளவுதான்." போனை வைத்த பிறகும் பேனரில் காதுகுத்துக் குழந்தையின் படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கிக்கொண்டே இருந்தேன். இன்றுவரை எந்த வேலையும் ஓடவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்த உங்களில் பலர், அக்கா பயமே அறியாதவர் என்று பேசிக்கொண்டீர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அது உண்மையில்லை.

தென்காசியில் எங்கள் அச்சகத்தில் அக்கா இருபத்திரண்டு வருடம் டிசைனர். பக்கத்துக் கம்ப்யூட்டரில் பதினான்கு வருடம் நான். ஒருநாள் அச்சன்புதூரிலிருந்து ஓர் அம்மா தன் பழைய கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து, "எம் மவளுக்கும் இதே மாதிரி வேணும்" என்றார். அக்கா செய்த பத்திரிகைதான் அது. பெயர்களை மாற்றிப் பத்தே நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி கோமதி, அவ பெத்த பிள்ள கல்யாணத்துக்கு நிக்கி. நான் இன்னும் அதே பூவ அதே மூலையில வச்சிட்டு இருக்கேன்" என்றார்.

அடுத்த மாதமே, குற்றாலத்தில் பழக்கடை போடப்போவதாகச் சொல்லி வேலையை விட்டார். அருவி சீசன் முடிந்தால் பிழைப்புக்கு என்ன செய்வாய் என்று முதலாளி கேட்டார். எனக்குச் சரியான கோபம். என்னை மட்டும் அங்கே விட்டுவிட்டுப் போகிறாரே என்றுதான்.

ஐந்தருவி சாலையில் கடை போட்ட முதல் வாரம் பார்க்கப் போனேன். ரம்புட்டானை நிறம்வாரியாக, மஞ்சளிலிருந்து கருஞ்சிவப்புவரை வரிசையாக அடுக்கியிருந்தார். நடுவில் மங்குஸ்தான் வட்டம். விலைப்பலகைகூட அத்தனை நேர்த்தி. அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் நின்று, போனில் படம் எடுத்துக்கொண்டு, முப்பிடாதி கடையில் போய்ப் பழம் வாங்கினார்கள். அக்காவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த முப்பிடாதி, எழுந்து வந்து இரண்டு கையாலும் அந்த அடுக்கைக் கலைத்துவிட்டாள். "இப்படி வச்சா யாரு தொடுவாக்கா? எடுத்துப் பாத்துத்தானே வாங்குவாவ." அக்கா ஒரு நிமிடம் அவளை முறைத்தார். பிறகு தானே ஒரு கை போட்டு மிச்சத்தையும் கலைத்தார். சாயங்காலத்துக்குள் பாதிக்குமேல் விற்றுவிட்டது. "படிச்சதை மறக்கதுக்குத்தான் ரொம்ப நாள் ஆகும் போலிருக்கு" என்று சிரித்தார்.

இந்த சீசன் தொடங்கியபோது அக்கா என்னைக் கூப்பிட்டார். "எங்கடைக்கு மறுபக்கத்துல ஒரு கடை காலியா இருக்கு. வாரியா?" பல வருடமாக நான் ஏங்கிய கேள்வி. ஆனால் ஆவணி முகூர்த்த வேலை முடியட்டும் என்று இழுத்தேன்.

"பயமா இருக்குன்னு சொல்லேன்" என்றார். ஆமாம் என்றேன்.

"எனக்கும்தான். தெனமும் பயந்துட்டுத்தான் கடை திறக்கேன். பயம் போகட்டும்னு காத்திருந்தா அங்கனயேதான் கெடப்ப. நான் அதையும் கூட்டிட்டுத்தான் வந்தேன்."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அக்காவுக்கான கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நான்தான் செய்தேன். வழக்கமான புறா, மேகம் எதுவும் வைக்க மனம் வரவில்லை. படம், பெயர், அவ்வளவுதான். முதலாளி போஸ்டரைப் பார்த்துச் சரி என்றதும், அதே நாற்காலியில் இருந்தபடி, மாதக் கடைசியோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார். ஐந்தருவி சாலையில் அந்தக் காலிக் கடையை எடுக்கப்போகிறேன், பயமாகத்தான் இருக்கிறது என்றேன்.

அக்காவின் துணிச்சலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவருடைய பயம் போதும்.