ஆளில்லாத ஊரின் மேயர்

என் பெரியப்பா பிரான்சில் ஒரு ஊருக்கு மேயராக இருந்தார். அந்த ஊரில் ஒருவரும் குடியிருக்கவில்லை. இந்த இரண்டாவது விஷயம் எங்கள் சொந்தக்காரர்களுக்கு வெகுநாள் தெரியாது.

காரைக்கால்காரர்களான எங்களுக்கு, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அப்பா துபாய்க்கு வந்து தேராவில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் மேனேஜரானார். பெரியப்பா பிரான்சுக்கே போய், வடகிழக்கு மூலையில் ஒரு சிறு நகரத்துப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த இடத்தை அரசியல் பிடித்துக்கொண்டது. நகரசபைத் தேர்தலில் நின்று தோற்று, மறுபடி நின்று தோற்று, ஒருவழியாக ஜெயித்தார். கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். மற்றவர்கள் எல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பொறுப்பு அது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பொறுப்பை அவர் ஒழுங்காகச் செய்ததுதான் வினையாயிற்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மாவட்ட அதிகாரி அவரைக் கூப்பிட்டுப் பக்கத்து ஊருக்கு மேயராக நியமித்துவிட்டார். முதல் உலகப் போரில் குண்டு விழுந்து தரைமட்டமான ஊர் அது. மண்ணுக்கடியில் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடப்பதால் யாரும் திரும்பி வந்து வீடு கட்டவில்லை. இருந்தாலும் சர்க்கார் கணக்கில் ஊர் ஊர்தான், அதற்கு ஒரு மேயர் வேண்டும். ஓட்டுப் போட ஆள் இல்லாததால் நியமனம்.

காரைக்காலுக்கு மேயர் என்ற சொல் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. ஒருமுறை அவர் ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டு அருகில் ஆளுயரத்துக்குப் பேனர் வைத்துவிட்டார்கள். தன் மகனுக்கு அந்த நகராட்சியில் ஒரு வாட்ச்மேன் வேலையாவது போட்டுத் தரும்படி ஒருவர் மாலையோடு வந்து நின்றாராம். பெரியப்பா தேர்ந்த அரசியல்வாதியாக, "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை குளிரிலும் ஈரத்திலும் நின்றால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா போய் அவரைக் கையோடு துபாய்க்குக் கூட்டி வந்துவிட்டார். எங்கள் ஃப்ளாட் பால்கனி வெயிலில் உட்கார்ந்து அவருக்கு இருமல் குறைந்தது. ஆனால் நவம்பர் நெருங்க நெருங்க வீட்டில் சண்டை ஆரம்பித்தது.

முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் பதினொன்றில் மேயர் தன் ஊருக்குப் போய் நிற்க வேண்டும். செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும், பிரான்சுக்காக உயிர் கொடுத்தார் என்று கூட்டத்திலிருந்து யாராவது பதில் சொல்ல வேண்டும். அது அந்நாட்டு வழக்கம். அப்போது அங்கே மழையும் குளிரும் சேர்ந்து அடிக்கும். போனால் பெரியப்பா பிழைக்க மாட்டார் என்று அப்பாவுக்குத் திட்டமாகத் தெரியும்.

"வேற யாராவது கூப்பிட்டுட்டுப் போறாங்க. நீங்கதான் போகணுமா?" என்றார் அப்பா.

"வேற யாருடா? பக்கத்து ஊர் மேயருங்களுக்கு அவங்கவங்க செத்தவங்க இருக்காங்க."

இந்தப் பேச்சைக் கேட்டு அம்மா சோற்றுத் தட்டோடு அடுப்படிக்குப் போய்விடுவாள். கடைசியில் ஒருநாள் பொறுமை இழந்த அப்பா, செத்தவர்களுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன, விசாவா எடுக்க வேண்டும், இங்கேயே ஒரு இடத்தில் நின்று கூப்பிடுங்கள் என்றார். கோபத்தில் சொன்னதுதான். பெரியப்பா அதை நிஜமாகவே யோசித்தார். இங்கே ஆளில்லாத ஊர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. ஷார்ஜாவைத் தாண்டிப் பாலைவனத்தில், சர்க்கார் கட்டிக் கொடுத்த வீடுகளை அப்படியே போட்டுவிட்டு ஜனங்கள் போய்விட்ட ஒரு சிற்றூர். ஜின் துரத்திவிட்டது என்று அப்பாவின் ஆபீஸ் டிரைவர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் காரில் போனோம். அம்மா என் பையில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, அங்கே யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பதில் கொடுத்தால் கூடவே வந்துவிடும் என்பது அவள் கட்சி. அதனால் பெரியப்பா எனக்குக் கொடுத்திருந்த பதில் சொல்லும் வேலை கையைவிட்டுப் போயிற்று. எனக்கு அழுகை வந்தது.

இரண்டு வரிசையாக வீடுகள், கோடியில் ஒரு சின்ன மசூதி. கதவுகள் எல்லாம் திறந்தபடி இருந்தன. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அறைக்குள் மணல் பாதிச் சுவருக்கு மேல் ஏறி நின்றது. காற்று இல்லை. அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. தானும் காரில் இருப்பதாகச் சொல்லிவிட்டு அப்பாவும் திரும்பிப் போனார். நான் மட்டும் பெரியப்பாவோடு நின்றேன். பெரியப்பா சட்டைக்கு மேல் மேயரின் மூவர்ணப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு, வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று முதல் பெயரைக் கூப்பிட்டார்.

பின்னால் ஒரு வீட்டிலிருந்து பதில் வந்தது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அது அப்பாவின் குரல். காருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீடுகளுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து, அண்ணனின் திருப்திக்காகத் தொண்டையை மாற்றிப் பேசுகிறார். பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பெயர், அடுத்த பதில். சற்று நேரத்தில் அப்பா கைதேர்ந்துவிட்டார். இந்த வரிசையிலிருந்து ஒரு பதில், எதிர் வரிசையிலிருந்து அடுத்தது. கிழவர் குரலில் ஒன்று, என் வயதுப் பையன் குரலில் ஒன்று. ஒரு பெயருக்கு இரண்டு வீடுகளிலிருந்து சேர்ந்தாற்போல வந்தது. அது எப்படி என்று யோசித்தேன், பிடிபடவில்லை. வெளிச்சம் குறையக் குறையக் குரல்கள் பக்கத்தில் வந்தன. கடைசிப் பெயருக்கான பதில் மிகவும் மெதுவாக, எங்களுக்கு அடுத்தாற்போல் இருந்த வாசலுக்குள்ளிருந்து வந்தது. உள்ளே மணல்தான் இருந்தது.

பெரியப்பா பட்டையைக் கழற்றி மடித்தார். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

காரில் ஏறியதும், "அப்பா, அந்தச் சின்னப் பையன் குரல் எப்படிப் பேசுனீங்க?" என்று கேட்டேன்.

"எந்தப் பையன்?" என்றார் அப்பா.

"இவரு போன வேகத்துல திரும்பி வந்து உக்காந்துட்டாரே. எனக்குத் துணைக்கு இங்கதான இருந்தாரு," என்றாள் அம்மா.

அப்பா கண்ணாடியில் பெரியப்பாவைப் பார்த்தார். "நாலஞ்சு பேருக்குத்தான் சொன்னேன் அண்ணே. மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு, வந்துட்டேன்."

"தெரியும்டா தம்பி. அந்த நாலஞ்சு பேருக்கு மட்டும் காரைக்கால் பிரெஞ்சு. அதுக்கப்புறம் பேசினவங்க நம்ம ஊர்க்காரங்க இல்ல."

அப்பா பொத்தானை அழுத்த, கார்க் கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன. மெயின் ரோட்டு விளக்குகள் தெரியும்வரை அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. பிறகு பெரியப்பாவே பேசினார்.

"இவ்வளவு தூரம் அவங்க வந்துட்டுப் போயிருக்காங்க. பதிலுக்கு நான் ஒரு நடை போகலைன்னா என்ன மரியாதை?"

வந்தவர் வீட்டுக்குத் திரும்பப் போகாமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் யாராலும் முடியாத காரியம். ஒரு சிறு தாம்பூலத்துக்குக்கூட ரயிலேறிப் போய் வந்தவர்கள் நாங்கள். மறுநாள் அப்பாவே டிக்கெட் எடுத்தார். அம்மா கம்பளிச் சட்டை தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினாள். பெரியப்பாவை வீட்டைவிட்டு விரட்டுகிறார் என்று நினைத்து நான் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த நவம்பரில் மழையில் நின்று ஒரு பெயர் விடாமல் கூப்பிட்டாராம். தை பிறக்கும் முன்பே கண்ணை மூடிவிட்டார். அப்படித்தான் நடக்கும் என்று அவரை வழியனுப்பிய விமான நிலையத்திலேயே அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. பெட்டியை நகர்த்திக்கொண்டு உள்ளே போகவிருந்தவரின் கையைப் பிடித்து நிறுத்தி, சின்னப் பிள்ளைபோல ஒன்று கேட்டார்.

"அன்னைக்கு உங்களுக்குப் பயமாவே இல்லையா அண்ணே?"

"எதுக்குடா பயம்? நான் அவங்களுக்கு மேயர்."

இதைச் சொல்லிவிட்டுப் பெரியப்பா வரிசையில் போய் நின்றுகொண்டார். அவர் வழக்கம்போலப் பெருமையடித்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். ஓட்டுப் போட ஒரு ஆள்கூட இல்லாத ஊருக்கு என்ன மேயர் என்று அப்பாவைக் கேட்டுச் சிரித்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கால் வலித்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.