சாலையில் படுத்திருந்த மழைக்கோட்டுகள்

போன கார்த்திகையில், ஒரு சந்தை நாளன்று, ஜமுனாமரத்தூர் போகும் மலைச்சாலையில் நடந்தது இது. பிள்ளைகளே, இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். எழுத உட்கார இத்தனை நாள் ஆகிவிட்டது.

எனக்குக் கண்ணமங்கலம். சின்ன சரக்கு வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் அதைக் குட்டியானை என்போம். துண்டு, லுங்கி, நைட்டி, பாவாடை என்று அதில் ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் விற்பேன்.

அதற்குச் சில மாதம் முன்னால் எங்கள் கடைத்தெருவில் பழைய குடைக்கடை ஒன்றை மூடினார்கள். பரணைக் காலி செய்தபோது பெரிய அட்டைப்பெட்டி ஒன்று இறங்கியது. திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள்! புதுப் பந்தும் புதுச் செருப்பும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. உள்ளே, நான் சின்னப் பையனாக இருந்தபோது வந்த பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள். பெரியவர்களுக்கு, சிறியவர்களுக்கு என்று எல்லா அளவிலும் இருந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம். சின்னக் கோட்டுகளின் பையில் வாத்துப் படம்.

இன்று நீங்கள் போடுகிற கோட்டு துணி மாதிரி மெத்தென்று இருக்கும். இது அப்படியில்லை, மொடமொடவென்று இருக்கும். நடந்தால் சரக் சரக் என்று சத்தம் வரும். பொத்தானை அழுத்தினால் டிக் என்று மாட்டும். கோட்டோடு சேர்ந்த தலைமூடியை இழுத்துக் கட்டினால் காது அடைத்துவிடும். அம்மா கூப்பிடுவது கேட்காது, கேட்டாலும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளே வியர்த்துக் கொட்டும். மழையில் நனையாமல் வந்து வியர்வையில் நனைந்து நிற்போம். அப்படியும் எனக்கு அது உயிர். நாலாவது படிக்கும்போது எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒன்று வாங்கித் தந்தார்கள். ஒரே கோட்டுக்குள் இரண்டு பேரும் நுழைந்து, ஆளுக்கொரு கையை நீட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். அவள் கால் ஒரு பக்கம் போகும், என் கால் ஒரு பக்கம் போகும், இரண்டு பேரும் சேற்றில் விழுவோம். எழுந்து பார்த்தால் எங்கள் மூஞ்சியெல்லாம் சேறு, கோட்டு மட்டும் பளிச்சென்று இருக்கும்!

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அத்தனை கோட்டையும் விலைக்கு வாங்கி, மூட்டை கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

"இன்னாங்க இது? இத போட்டுக்கினு ரோட்டுல போனா நாயி தொரத்தும்" என்றாள் என் மனைவி.

ஆறாவது படிக்கும் என் மகள் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். "ப்பா, பாக்கெட்டுல அடைச்ச முறுக்கு மாரி இருக்கேன்" என்றாள்.

சந்தையிலும் அதே கதைதான். எடுத்துப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், லுங்கியை வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் விடாமல் ஒவ்வொரு சந்தைக்கும் அந்த மூட்டையைக் கொண்டு போனேன்.

அன்றைக்கு மழை என்று பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். விடுமுறை விட்டால் வெயில் அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நல்ல வெயில். "நானும் வர்றேன்ப்பா" என்று மகள் வண்டியில் ஏறிக்கொண்டாள். பின்னால் துணிகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். மழைக்கோட்டு மூட்டைக்கு அங்கே இடமில்லை. முன்னால் அவள் காலடியில் வைத்தேன். வழியெல்லாம் அதை உதைத்துக்கொண்டே வந்தாள்.

வளைவுகள் ஏறி மேலே போனதும் ஓரிடத்தில் நேரான தார்ச்சாலை. ஒரு பாதியில் சாமைக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். மலையில் சமமான இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் அறுத்த கதிரைச் சாலையில் போட்டுவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மேலே ஏறினால் மணி உதிரும். அதைத் தூற்றி, அங்கேயே ஓரமாகக் காய வைத்து அள்ளுவார்கள்.

நான் கதிரில் ஏறாமல் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். என் வயதுள்ள ஓர் அம்மா கையில் முறத்தோடு குறுக்கே ஓடி வந்தார்.

"இன்னாண்ணா, ஒதுங்கிக்கினு போறீங்க? மேலயே வுடுங்க!"

விட்டேன்.

"பின்னால வந்து இன்னொரு தபா!"

பின்னால் வந்து இன்னொரு தடவையும் விட்டேன்.

"ப்பா, இப்ப நீதான் கதிர் மிதிக்கிற மாடு" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இறங்கினோம். அந்த அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். முந்தின நாள் உதிர்த்துத் தூற்றிய சாமை, சாலையோரம் நீளமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய கணவர் சாக்கு எடுத்துவர ஊருக்குள் போயிருந்தாராம்.

"அவுரு வந்தா அள்ளிக் கட்டிடுவோம்ணா. அடுத்த வருசத்து விதையும் இதுதான், வூட்டுச் சோறும் இதுதான்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மலைக்கு அந்தப் பக்கமிருந்து கருகருவென்று மேகம் ஏறிவிட்டது. காற்றடித்தது. முதல் துளிகள் தார்ச்சாலையில் விழுந்து மண் வாசனை கிளம்பியது.

அந்த அம்மா முறத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் சாமையைக் கூட்டித் தள்ளினார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய். அதுவும் கிழிந்தது. கால்வாசிக்குக்கூடக் காணாது.

"ஒரு தபா நனைஞ்சா கறுத்துப் பூடும்ணா. வெதைக்கு ஆவாது" என்றார். குரல் அழுகையாகிவிட்டது.

என் வண்டித் தார்ப்பாயை அவிழ்க்கலாமா என்று கயிற்றில் கை வைத்தேன். அவிழ்த்தால் அத்தனை துணியும் போச்சு. கை அப்படியே நின்றது.

"ப்பா! ரெயின்கோட்டு!"

மகள்தான் வண்டிக்குள்ளிருந்து கத்தினாள். மூட்டையை உருட்டிக் கீழே தள்ளி, அவளே குதித்து முடிச்சை அவிழ்த்துவிட்டாள். மூவரும் பொத்தான்களைப் பிரித்து ஒவ்வொரு கோட்டாக விரித்தோம். அவசரத்தில் நான் மேட்டுப் பக்கமிருந்து போட்டுக்கொண்டு போனேன்.

"அப்டி இல்லண்ணா! பள்ளத்துலேர்ந்து மேட்டுக்கு வாங்க. கூரைக்கு ஓடு போட்ற மாரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும். இல்லாட்டி தண்ணி உள்ள பூந்துரும்."

எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். ஓரங்களில் கல் வைத்தோம். பெரியவர்கள் கோட்டு தீர்ந்ததும் வாத்துப் படம் போட்ட சின்னக் கோட்டுகள். கடைசிக் கோட்டைப் போட்டுக் கல்லை வைக்கவும், மழை கொட்டவும் சரியாக இருந்தது.

காற்றில் கோட்டுகளின் கையெல்லாம் உப்பியது. தலைமூடிகளும் உப்பிக்கொண்டு தலை மாதிரியே நின்றன.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு பேருந்து இறங்கி வந்தது. ஓட்டுநர் கிரீச்சென்று பிரேக் போட்டார். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். கொட்டுகிற மழையில், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மழைக்கோட்டு போட்ட ஒரு கூட்டம் சாலையில் வரிசையாகப் படுத்திருக்கிறது! மலைக்குப் பேருந்து குறைவு. கூடுதலாக ஒன்று விடச் சொல்லி மக்கள் எப்போதாவது மறியல் செய்வதுண்டு. அதுதான் என்று நினைத்துவிட்டார்.

நடத்துநர் நனைந்துகொண்டே ஓடி வந்து, படுத்திருந்த கோட்டுகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எழுந்திரிங்கப்பா! எதுனா இருந்தா பேசிக்கலாம். ஐயோ, சின்னப் பசங்கள வேற படுக்க வெச்சிருக்கீங்களே, குளுராதா?"

"சார், எழுப்பாதீங்க, தூங்குதுங்க" என்றாள் என் மகள்.

அவர் குனிந்து ஒரு தலைமூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே சாமை! அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அத்தனை நேரம் அழுதுகொண்டிருந்த அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. மேட்டிலிருந்து சாலையோடு தண்ணீர் வழிந்து வர ஆரம்பித்தது. மேலே விழுகிற மழைக்குக் கோட்டு இருக்கிறது. தரையோடு வருகிற தண்ணீருக்கு என்ன செய்வது?

நடத்துநர் பேருந்தைப் பார்த்துக் கத்தினார். "இன்னா வேடிக்க பாத்துக்கினு கீறீங்க? அந்தம்மா வெள்ளாமை போவுது, எறங்கி வாங்கப்பா!"

இறங்கினார்கள். ஒருவரிடம் மண்வெட்டி இருந்தது. மற்றவர்கள் கையாலேயே கல்லும் மண்ணும் அள்ளி வந்தார்கள்.

"டிக்கெட்டு வாங்கிக்கினு வேலையும் செய்யணுமா? இன்னாய்யா உன் நாயம்?" என்று மண்வெட்டிக்காரர் கேட்டார்.

"வேலை நல்லாயிருந்தா சன்னல் சீட்டு தர்றேன், வெட்டுய்யா!" என்றார் நடத்துநர்.

சாமைக்கு மேல்பக்கம் குறுக்காக ஒரு சின்ன வரப்பு எழும்பியது. அது வரைக்கும் வந்த தண்ணீர் ஒரு கணம் தேங்கி நின்று, பிறகு திரும்பிப் பள்ளத்தில் இறங்கி ஓடியது. ஓட்டுநர் பேருந்தில் இருந்தபடியே கைதட்டினார்.

மழை எப்படி வந்ததோ அப்படியே நின்றுபோனது. அந்த அம்மா நடுவில் இருந்த ஒரு சிவப்புக் கோட்டை மெதுவாகத் தூக்கினார். உள்ளே கை விட்டார். ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, வாயில் நாலு மணியைப் போட்டுக் கடித்தார்.

கடுக்கென்று சத்தம் கேட்டது.

"காஞ்சாப்லயே கீது!" என்றார். ஓரத்தில் கொஞ்சம் ஈரம் பட்டிருந்தது, அவ்வளவுதான். அத்தனை பேரும் ஓவென்று கத்தினார்கள். அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோரும் தொப்பலாக நனைந்து நிற்கிறோம். அத்தனை கோட்டு இருந்தும் ஒருவர்கூட ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. யாருக்கும் அது தோன்றவே இல்லை!

சாக்கோடு வந்து சேர்ந்த அந்த அம்மாவின் கணவர், சாலையில் இத்தனை கூட்டத்தைப் பார்த்து ஏதோ விபத்து என்று பதறிப்போனார். அவருக்கு விஷயத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னதில் இன்னும் பதறினார். கடைசியில் எல்லோருமாகச் சாமையை அள்ளிக் கட்டினோம். நனைந்த கதிரை இனிமேல்தான் உலர்த்தி அடிக்க வேண்டியிருந்ததால் கோட்டுகளை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தோம்.

மறு சந்தையில் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். "அந்த ரெயின்கோட்டு இருக்குதாங்க?" என்றார்கள். கையில் ஒன்றுகூட இல்லை, இருந்தும் வியாபாரப் பழக்கத்தில் என்ன அளவு வேண்டும் என்று கேட்டேன். "எங்களுக்கு இல்லீங்க, சாமைக்கு" என்றார்கள்.

அந்த விதை இந்த ஆண்டு ஆடியில் நிலத்தில் விழுந்து, முளைத்து, பச்சையாக நிற்பதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். முன்பெல்லாம் வானம் இருண்டால் ஐயோ, நனைந்துவிடுவோமே என்றுதான் ஓடுவேன். இப்போது முதல் துளி கையில் விழுந்ததும், யார் எங்கே எதைக் காயப் போட்டிருக்கிறார்களோ என்று என் கண் தானாகச் சாலையோரத்தைத் தேடுகிறது.